கிளிப்பச்சைக் காரும் ஒட்டாத பசையும்

தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டும் என்று ஒருத்தர் உங்களிடம் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பசையைத் தடவுவீர்கள். அடுப்பில் இருக்கிற குழம்பை ஒரு கிளறு கிளறிவிட்டு வருவீர்கள். அதற்குள் லேசாகக் காய்ந்திருக்கும், எடுத்து ஒட்டுவீர்கள். செருப்புத் தைக்கிறவர் தினமும் அப்படித்தான் ஒட்டுகிறார். அதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

ஆனால் தேங்கல்பாளையத்தில் நாலு ஆண்பிள்ளைகள் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்ததுதான் தப்பு. பழக்கமில்லாத வேலை பாருங்கள்.

நாலு பேருக்கும் தலைவர் நாச்சிமுத்து. ஒரு தடவை கரூருக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றின் கூரைக்கடியில் அரை நாள் ஒதுங்கி நின்றார். மழை விட்டதும் ஊருக்கு வந்து, "பாடி கட்டுற தொழிலெல்லாம் நமக்குத் தெரியும்" என்று சொல்ல ஆரம்பித்தவர் இன்றைக்கு வரைக்கும் நிறுத்தவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பியவர்கள் மூன்று பேர். சென்னியப்பனுக்கு எதையும் பத்திரமாக வைக்கத் தெரியும், எங்கே வைத்தோம் என்றுதான் தெரியாது. ரங்கதுரை எட்டாவது வரை படித்தவன், அதனால் எழுதப் படிக்க அவன். குழந்தைவேலு பெயரில் மட்டும்தான் குழந்தை. அவன் உட்கார்ந்தால் கட்டில் முனகும்.

நாச்சிமுத்துவிடம் ஒரு கார் இருந்தது. பழைய காலத்துச் சீமைக் கார், ரெண்டே பேர் உட்காருகிற பந்தயக் கார், கிளிப்பச்சை நிறம். பஞ்சு அரைக்கிற மில்லின் கிடங்கில் முப்பது வருசம் கோழி அடைந்து கிடந்ததை, ரெண்டு எருமையைக் கொடுத்துவிட்டு இழுத்து வந்தார். தாராபுரத்து மெக்கானிக் ஒருவர் பாவம் பார்த்து இஞ்சினை ஓட வைத்துக் கொடுத்தார். மேலே கூரை கிடையாது. துணிக் கூரையை எலி தின்றுவிட்டது. கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. என்றைக்கோ விழுந்துவிட்டது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். அந்தக் கதவின் உட்புறம் வெறும் தகரம், கம்பி, ஸ்பிரிங்.

அந்தத் தகரத்தால்தான் வினையே வந்தது. நாச்சிமுத்துவின் சம்சாரம் மயிலாத்தாளுக்கு ஒரே தம்பி. தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் வீடு இதே தேங்கல்பாளையம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. "என்ற கார்லதான் மச்சினன் வரோணும்" என்று நாச்சிமுத்து அடம்பிடித்தார். சரி என்று மாப்பிள்ளையும் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தான். இறங்கும்போது தகரத்தின் ஓரம் வேட்டியைப் பிடித்து இழுத்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் கிழித்துவிட்டது.

நாச்சிமுத்துவின் மாமனார் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாச்சிமுத்து மறந்திருப்பார். மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, போன தடவை வீட்டு விசேஷத்துல, அடுப்புல பால் இருக்குது பாத்துக்குங்கன்னு உங்க கிட்டச் சொன்னோம்."

"பாத்துக்கிட்டுத்தானுங் மாமா இருந்தேன். பொங்குனது, ஊத்துனது, அடுப்பு அணைஞ்சது, எல்லாத்தையும் பாத்தேன்."

"அதைத்தான் சொல்றேன். இந்த அழைப்பை ஒழுங்கா முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, இனி நம்ம வீட்டுல எந்த விசேஷம்னாலும் முன்னால நிக்கிறது நீங்கதான். இல்லைன்னு வைங்க, வந்தமா, சாப்பிட்டமா, போனமான்னு இருந்துக்கோணும்."

நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருசமாக அந்த வீட்டில் அந்தப் பாலைத் தவிர அவருக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு செருப்புகளுக்குக் காவல். அதிலும் ஒரு ஜோடி காணாமல் போயிருந்தது. அது அவருடையது.

மயிலாத்தாள் கெட்டிக்காரி. டிராக்டர் சீட்டுக்கும் பைக் சீட்டுக்கும் உறை தைத்துக் கொடுக்கிறவள். கதவைப் பார்த்ததும், "இதென்ன பெரிய காரியம்? மெல்லிசு பிளைவுட்டுப் பலகை, மேல ரெக்சின், சுத்தி ஸ்குரு. ஒரு நாள் வேலை" என்றாள். ஆனால் அவளால் இருக்க முடியாது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர்ச் சடங்கு செய்கிற அக்கா அவள்தான். வியாழக்கிழமை காலையில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். பஸ் வருவதற்கு முன்னால் நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னாள். ரங்கதுரை கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

"இடது கதவோட பழைய பலகை ஒண்ணு கிடக்குது பாருங்க. பழசு மாதிரியே ரெண்டு வெட்டிக்குங்க. வலதுக்குத் திருப்பிப் போட்டாச் சரியா வரும். கைப்பிடி வர்ற எடத்துல ஓட்டை போட்டுக்குங்க. ரெக்சினை ஓரத்துல ஒரு விரல் விட்டு வெட்டுங்க. பசை தடவுனதும் ஒட்டிறாதீங்க. தொட்டா ஒட்டக் கூடாது, அப்பத்தான் ஒட்டும். அப்புறம் இன்னொண்ணு. வேலை முடியற வரைக்கும் ஒருத்தரும் கதவு மேல ஏறித் தாண்டக் கூடாது. தகரம் வளைஞ்சுரும்."

"தாண்டக் கூடாது" என்பதன் கீழே ரங்கதுரை ரெண்டு கோடு போட்டான். பஸ் வந்தது, அவள் போய்விட்டாள்.

முதலில் பலகை. பழைய பலகையைப் புதுப் பலகையின் மேல் வைத்துக் கோடு கிழித்து, குழந்தைவேலு ரம்பத்தால் ரெண்டு வெட்டினான். அச்சாக வந்தது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. நாச்சிமுத்து பழைய பலகையை ஒரு கையிலும் புதியதை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்து, பெண்பார்க்கப் போனவர் மாதிரி நெடுநேரம் பார்த்தார்.

"பழசு மாதிரியே இல்லையேடா."

பழைய பலகையின் நடுவில், கைப்பிடி இருந்த இடத்தை எலி தின்று பெரிய பொத்தலாக்கியிருந்தது. புதியதில் பொத்தல் இல்லை.

"ரம்பத்துல வெட்டிரலாமுங்ணா" என்றான் குழந்தைவேலு.

"வெட்டுனா வெட்டுன மாதிரித்தான் இருக்கும். கடிச்ச மாதிரி இருக்குமா? பழசு மாதிரியேன்னு அழுத்திச் சொல்லீட்டுப் போயிருக்கா."

"அப்ப எலிதான் கடிக்கோணும்" என்றான் சென்னியப்பன்.

மூன்று பேரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். சாயங்காலம் ரெண்டு பலகையையும் சோளக் கிடங்கில் வைத்து, நடுவில் கருவாட்டுத் துண்டு தேய்த்து, எலி கூச்சப்படக் கூடாது என்று கதவையும் சாத்திவிட்டு வந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் எலி சோளத்தைத் தின்றிருந்தது. கருவாட்டைத் தின்றிருந்தது. பலகையை மட்டும் தொடவில்லை. எலிக்கு இருந்த புத்தி அவ்வளவு. அது மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் முட்டாளாக இருந்திருந்தால், பின்னால் வந்த அத்தனை சீரழிவும் வந்திருக்காது.

"விடுங்ணா, அப்புறமாக் கடிக்க வச்சுக்கலாம்" என்று ரங்கதுரை அடுத்த வரிக்குப் போனான். "கைப்பிடி வர்ற எடத்துல ஓட்டை."

கதவைத் திறக்கிற கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்குகிற கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு மஞ்சப் பையில் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று சென்னியப்பனிடம் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நாலு பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்பங்ணா வரும்?" என்றான் ரங்கதுரை.

"எது?"

"கைப்பிடி."

"வர்றப்ப வரும். அவசரப்படக் கூடாது. நீ அதுகூடவே இரு. எங்க வருதோ அங்க ஓட்டையைப் போடு" என்றார் நாச்சிமுத்து. கரூரில் அரை நாள் நின்ற அனுபவம் பேசியது.

சென்னியப்பனுக்கு டீ குடிக்க வேண்டும் போல இருந்தது. மஞ்சப் பையோடு கிளம்பினான். கையால் சுற்றுகிற டிரில்லைத் தோளில் வைத்துக்கொண்டு ரங்கதுரை பின்னாலேயே போனான். டீக்கடையில் சென்னியப்பன் பையை பெஞ்சின் மேல் வைத்தான். ரங்கதுரை பையை நகர்த்தினான், டிரில்லை ஊன்றினான், சுற்றினான்.

கடைக்காரர் கையில் டம்ளரோடு ஓடி வந்தார். "டேய், டேய்! என்றா பண்றே பெஞ்சுல?"

"கைப்பிடி வந்துருச்சுங்."

"எங்கடா வந்துச்சு?"

"இங்கதானுங்க. இப்பத்தான் வந்துச்சு."

கடைக்காரர் டீயைக் குடிக்கத் தரவில்லை, ரங்கதுரை மேல் ஊற்றினார். அங்கிருந்து சென்னியப்பன் முடி வெட்டப் போனான். சவரக் கடை நாற்காலியின் கைக்கட்டையில் ஒரு ஓட்டை. அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பையைக் கட்டிலில் போட்டான். கட்டிலின் சட்டத்தில் ஒரு ஓட்டை. இருட்டுவதற்குள் ரங்கதுரை திரும்பி வந்து கணக்காகச் சொன்னான்.

"மூணு எடத்துல வந்துச்சுங்ணா. மூணுலயும் போட்டாச்சு."

"பலகையில?"

"பலகைப் பக்கமே வரலைங்ணா. நானும் எதிர்பாத்தேன்."

"வராத எடத்துல போடக் கூடாது. அது தப்பு" என்றார் நாச்சிமுத்து. மனசுக்குள் அவருக்கு ஒரு நிம்மதி. வேலை எவ்வளவு சுத்தமாக, சொன்னது சொன்னபடி நடக்கிறது! மாமனார் இதைப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ரெக்சின். சிவப்பு ரெக்சின், மயிலாத்தாள் தன் தையல் வேலைக்கென்று வாங்கி வைத்திருந்த நல்ல உருப்படி. ரங்கதுரை வாசித்தான். "ஒரு விரல் விட்டு வெட்டுங்க."

மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"யாரோட விரலுங்ணா?" என்றான் குழந்தைவேலு. "எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைக இருக்குதுங்ணா."

"விரலைக் கத்திரிக்கு உள்ள விட்டு வெட்டச் சொல்ற அளவுக்கு அவ கொடுமைக்காரி இல்லைடா" என்றார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு, பதினோரு வருசத்தை ஒரு முறை மனசில் ஓட்டிப் பார்த்தார். முழு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "இரு, யோசிப்போம். பள்ளிக்கூடத்துல ஒரு வரி விட்டு எழுதுன்னு வாத்தியார் சொல்லுவாரு. அப்ப என்ன பண்ணுவோம்?"

"அந்த வரியில எழுத மாட்டமுங்க."

"அதேதான்! ஒரு விரல் விட்டு வெட்டுன்னா, அந்த விரல்ல வெட்டக் கூடாது. மிச்சம் ஒன்பது விரல்ல வெட்டோணும்."

அப்பாடா என்று மூன்று பேரும் கையை முன்னால் கொண்டு வந்தார்கள். எந்த விரலை விடுவது என்று அடுத்த பேச்சு. சுண்டுவிரல் பாவம், சின்னது, அதை ஒதுக்கினால் ஏங்கிவிடும் என்றான் சென்னியப்பன். மோதிர விரலை ஒதுக்கினால் மோதிரம் இல்லாதவன் என்ன செய்வான் என்றான் ரங்கதுரை. கடைசியில் நாச்சிமுத்து, "கட்டைவிரல்தான் இருக்குறதுல பெரியவரு. பெரியவருக்கு ஓய்வு குடுக்கோணும்" என்று முடித்தார்.

குழந்தைவேலுவின் கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார்கள். கட்டைவிரல் இல்லாமல் கத்திரி பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பாக்கு வெட்டியைக் காலால் பிடிப்பது அதைவிடச் சுலபம். கத்திரி ஒரு பக்கம் போனது, ரெக்சின் ஒரு பக்கம் போனது, குழந்தைவேலுவின் நாக்கு ஒரு பக்கம் வெளியே வந்தது. வெட்டி முடித்தபோது ஓரமெல்லாம் கோணலும் மாணலுமாகப் பல் பல்லாக இருந்தது. மடித்து ஒட்ட ஓரத்தில் ஒரு நூல் அகலம்கூட மிச்சமில்லை.

நாச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "டேய், பாருங்கடா. எலி கடிச்ச மாதிரியே இருக்குது! பழசு மாதிரியே வந்துருச்சு. எடம் கொஞ்சம் மாறியிருக்கலாம். கடி கடிதானே?"

இப்போது பசை. பலகை ரெண்டிலும் சப்பாத்திக்கு நெய் தடவுகிற மாதிரித் தாராளமாகத் தடவினார்கள். நாச்சிமுத்து விரலை வைத்தார். ஒட்டியது. பிய்த்து எடுத்தார்.

"ஒட்டுது. அதனால ஒட்டாது" என்றார்.

"ஒட்டாம இருந்தா?" என்றான் சென்னியப்பன்.

"ஒட்டும்."

"ஒட்டும்போது தொட்டா?"

"ஒட்டாது."

"ஒட்டாததை எப்படிங்ணா ஒட்டுறது?"

"அதுதான்டா தொழில்."

குழந்தைவேலு விரலை வைத்தான். ஒட்டியது. "எனக்கும் ஒட்டுதுங்ணா, இன்னும் ஆகலை." அடுத்து ரங்கதுரை. அடுத்து மறுபடியும் சென்னியப்பன். ஆளுக்குப் பத்து விரல், அத்தனையும் வைத்துப் பார்த்தார்கள், காயவிடாமல். விரலில் வந்த பசை மூக்கில் போனது, மூக்கிலிருந்து வேட்டியில் போனது. சும்மா விட்டுவிட்டு நிழலில் படுத்திருந்தால் கால் மணி நேரத்தில் ஆகிற காரியம். இவர்கள் தொட்டுத் தொட்டே உச்சி வெயில் வரைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள்.

கடைசியில் ரங்கதுரையின் எட்டாவது வகுப்பு வேலை செய்தது. "அண்ணா, நம்ம தப்பு பசையில இல்லீங். விரல்ல. பலாப்பழம் அரியறப்ப எங்கம்மா கையில எண்ணெய் தடவிக்கும். அப்பத் தொட்டா ஒட்டாது."

நாலு பேரும் கையை முழங்கை வரை விளக்கெண்ணெயில் முக்கினார்கள். பலகை முழுக்கத் தடவித் தடவித் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை.

"ஒட்டலை!" என்று துள்ளினான் குழந்தைவேலு. "துளிகூட ஒட்டலைங்ணா!"

"அப்ப நல்லா ஒட்டும்" என்றார் நாச்சிமுத்து. ரெக்சினை எடுத்து மேலே போர்த்தினார். அது வழுக்கிக்கொண்டு கீழே போனது. மறுபடி போர்த்தினார். மறுபடி போனது. "பாத்தீங்களா, எவ்வளவு நல்லா ஒட்டாம இருக்குது!" என்று பெருமைப்பட்டார். சுற்றிலும் ஆணி அடித்து நிறுத்திவிட்டு, ஒட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள்.

கார் வாசலில் கிழக்கே பார்த்து நின்றது. இடது கதவு வேப்பமரத்துப் பக்கம், வலது கதவு கிணற்றுப் பக்கம். முதல் பலகையை வேப்பமரத்துப் பக்கக் கதவில் வைத்தார்கள். இடதை வைத்துத்தானே வெட்டியது, கச்சிதமாகப் பொருந்தியது. சுற்றிலும் பதினெட்டு ஸ்குருவை முடுக்கினார்கள். கைப்பிடிக்கு ஓட்டை இல்லாததால் கம்பியும் ஸ்பிரிங்கும் உள்ளேயே மறைந்துபோய், பார்க்க மொழுமொழுவென்று இருந்தது.

ரெண்டாவது பலகையைக் கிணற்றுப் பக்கக் கதவில் வைத்தார்கள். முன்னால் இருக்க வேண்டிய வளைவு பின்னால் நின்றது. எப்படி அழுத்தியும் பொருந்தவில்லை. குழந்தைவேலு அதன் மேல் சாய்ந்தான். பலகை "கிரீச்" என்றது.

"விடுடா, ஒடைஞ்சுரும். என்ன எழுதியிருக்குதுன்னு பாரு."

"வலதுக்குத் திருப்பிப் போட்டாச் சரியா வரும்னு போட்டிருக்குதுங்ணா."

"எதைத் திருப்பிப் போடறது?"

"அது எழுதலைங்ணா."

ரங்கதுரை பலகையையும் பார்த்தான், காரையும் பார்த்தான். நாச்சிமுத்து சிரித்தார். "கார் பாடி கட்டுறதுல பெரிசு எதுவோ அதைத்தான்டா திருப்போணும். பலகையைச் சின்னப் புள்ளைகூடத் திருப்பும். அதைப் போய்ச் சொல்லுவாளா?"

வாசல் குறுகல். ஒரு பக்கம் ஆட்டுப்பட்டி, ஒரு பக்கம் துணி துவைக்கிற கல். முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, ஆட்டுப்பட்டியின் படலைச் சாய்த்து, ஆடுகளைத் தேடிப் பிடித்துக் கட்டி, மறுபடி தள்ளி, வெயில் தாழும்போது கார் ஒரு வழியாக மேற்கே பார்த்து நின்றது. பலகையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஓடினார்கள். இப்போது கிணற்றுப் பக்கம் இருந்தது எந்தக் கதவு? அதே இடது கதவுதான். ஏற்கெனவே பலகை போட்ட கதவு. அதன் மேலேயே வைத்தார்கள். கைக்கு அடங்கின வளையல் மாதிரிப் பொருந்தியது.

"அப்பவே திருப்பியிருக்கலாமுங்ணா" என்றான் சென்னியப்பன். இன்னும் பதினெட்டு ஸ்குரு, கொஞ்சம் நீளமானது.

"ஏனுங்ணா, இந்தக் கதவு கொஞ்சம் தடிமனா இருக்குதே?"

"கிணத்துப் பக்கம்டா. ஈரத்துக்கு ஊதியிருக்கும்."

வேப்பமரத்துப் பக்கம் ஒன்று, கிணற்றுப் பக்கம் ஒன்று. ரெண்டும் முடிந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு நாலு பேரும் கிணற்றடியில் குளித்தார்கள். எண்ணெய் போனது, பசை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து பட்டு வேட்டி கட்டி, மீசைக்கு மை போட்டு, தார்ப்பாயை விலக்கினார். ஒரு பக்கம் பார்த்தார். சிவப்பு. அடுத்த பக்கம் போனார். வெறும் தகரம்.

"ஐயோ, திருட்டு!" என்று கத்தினார்.

மூன்று பேரும் ஓடி வந்தார்கள். வேப்பமரத்துப் பக்கம் வலது கதவு பிறந்தமேனிக்கு நின்றது. "நேத்து இந்தப் பக்கம்தானே முதல்ல போட்டோம்! பதினெட்டு ஸ்குரு, நானே முடுக்குனேன்" என்று குழந்தைவேலு தலையில் கைவைத்தான். ஒரு ஸ்குரு ஓட்டைகூடத் திருடன் விட்டுவைக்கவில்லை என்று வியந்தான். "கைகாரனுங்ணா. ஓட்டையையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்கான்."

"அந்தக் கதவைத் தொடாதீங்க" என்றான் ரங்கதுரை. "திருட்டு நடந்த எடத்துல கை வைக்கக் கூடாது. போலீசு வந்து பாக்கோணும். ஸ்டீயரிங் பக்கச் சீட்டு, கதவு, எல்லாமே தடயம்."

சரி, மாப்பிள்ளை உட்காரப் போவது இடது சீட்டில்தானே, அது பத்திரமாக இருக்கிறதே என்று நாச்சிமுத்து மனசைத் தேற்றிக்கொண்டார். பட்டு வேட்டிக்கு ஆபத்தில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டாமா? இடது கதவு நேற்றிலிருந்தே திறந்துதான் கிடந்தது. ஏறி உட்கார்ந்தார். கதவை இழுத்துச் சாத்தினார். டப்.

வேட்டி கிழியவில்லை. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. "மாமா, இதைப் பாருங்" என்று மனசுக்குள் மாமனாரிடம் சொல்லிவிட்டு, இறங்குவதற்குக் கையை வைத்தார். மொழுமொழுவென்று இருந்தது. மேலே தடவினார், கீழே தடவினார். பிடிக்க ஒன்றுமே இல்லை.

"கைப்பிடி எங்கடா?"

"பத்திரமா இருக்குதுங்ணா" என்றான் சென்னியப்பன். "எங்கேன்னுதான் தெரியலை."

வெளியிலிருந்து திறக்கக் கைப்பிடி இல்லை. உள்ளே திறக்கிற கம்பி ரெண்டு பலகைக்கு அடியில். தலைக்கு மேலே ஆகாசம். காக்கா ஒன்று அவர் தோளில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனது. ஆனாலும் நாலு பேருக்கும் அவர் அடைபட்டுக் கிடக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை.

"அந்தப் பக்கம் நகர்ந்து இறங்கிக்குங்ணா" என்றான் குழந்தைவேலு.

"தடயம்டா!"

"அப்படியே எந்திரிச்சு..."

ரங்கதுரை பத்திரிகையை நீட்டினான். "தாண்டக் கூடாது. ரெண்டு கோடு போட்டிருக்குது."

மணி நாலரை. ஊர் எல்லையில் மேளம் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ரங்கதுரைதான் ஓட்ட வேண்டியவன், அவனால் ஏற முடியாது. அழைப்பு நேரம் தவறினால் மாமனார் சொன்னது பலித்துவிடும். "தள்ளுங்கடா" என்றார் நாச்சிமுத்து. மூன்று பேரும் தள்ளினார்கள். அவர் கைரேகை படாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடது சீட்டில் இருந்தபடியே எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கார் அவரைப் போலவே கோணலாக நடந்தது.

பிள்ளையார் கோயிலில், நாச்சிமுத்துவை முன்னே பின்னே பார்த்திராத பெண் வீட்டு வெளியூர்ச் சொந்தங்கள் தட்டும் மாலையுமாக நின்றிருந்தார்கள். பச்சைக் கார் திருப்பத்தில் தெரிந்ததும் மேளக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். காரில் பட்டு வேட்டியோடு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், மூன்று பேர் தள்ளுகிறார்கள், வேறு யாராக இருக்கும்? பெண்ணின் தாய்மாமன் முன்னால் வந்து நாச்சிமுத்துவின் கழுத்தில் ஆளுயர மாலையைப் போட்டார். ரெண்டு பெண்கள் ஆரத்தி சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தார்கள். ஒருத்தி மற்றவளின் காதைக் கடித்தாள்.

"ஏனக்கா, மாப்பிள்ளை கொஞ்சம் முத்தல்போல இருக்குது?"

"ஃபோட்டோ எப்ப எடுத்ததோ, சும்மா இரு."

நாச்சிமுத்து மாலையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார். பதினோரு வருசம்! செருப்புக் காவலில் தொடங்கி இன்றைக்கு மாலை, ஆரத்தி, மேளம். ஒரு கதவை ஒழுங்காகச் செய்தால் உலகம் எப்படி மதிக்கிறது பாருங்கள்! கையெடுத்துக் கும்பிட்டார். தள்ளிக்கொண்டு வந்த மூன்று பேரும் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை இவரா என்று யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. நிஜ மாப்பிள்ளை இறங்கினான். மாமனார் இறங்கினார். மயிலாத்தாள் இறங்கினாள். மேளம் பாதியில் நின்றது.

தாய்மாமன் மாலையைக் கழற்ற வந்தார். அது கழுத்தில் குளித்தும் போகாமல் இருந்த பசையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ரெண்டு நாளில் அந்தப் பசை ஒழுங்காக ஒட்டியது அங்கே மட்டும்தான். மாப்பிள்ளைக்குக் கோயிலிலிருந்து பிள்ளையார் மாலையை வாங்கிப் போட்டார்கள். மேற்கே கருகருவென்று மேகம் திரண்டிருந்தது. "நடந்தே போயிரலாம், மழை வர்றதுக்குள்ள" என்று மாப்பிள்ளை குடையைப் பிரித்தான். ஊர்வலம் நடக்க ஆரம்பித்தது. மாமனார் காரின் பக்கத்தில் வந்து ஒரு நிமிசம் நின்றார்.

"வந்தமா, சாப்பிட்டமா, போனமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"சாப்பாட்டுக்கு எப்படிங் மாமா வர்றது?" என்று நாச்சிமுத்து கேட்டது மேளத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தள்ளி வந்த மூன்று பேரும் சாப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் ஊர்வலத்தின் பின்னால் ஓடிவிட்டார்கள்.

மயிலாத்தாள் குடையோடு கார் பக்கத்தில் நின்றாள். இடது கதவைப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு பலகை. வலது கதவை எட்டிப் பார்த்தாள். தகரம். தன்னுடைய ரெக்சினைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இப்ப எதுக்கு உள்ளயே உக்காந்திருக்கீங்க? மேல கூரையா இருக்குது? எந்திரிச்சுத் தாண்டி வாங்க!"

"நீதானே மயிலு தாண்டக் கூடாதுன்னே?"

"வேலை முடியற வரைக்கும்னு சொன்னேன்!"

"வேலை எங்க முடிஞ்சுது? ஒரு பலகை திருட்டுப் போயிருச்சு" என்றார் நாச்சிமுத்து, பொறுமையாக, புரியாத பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி.

மண்டபத்துப் பக்கம் மேளம் வேகமெடுத்தது. இணைச்சீருக்கு அவளைத் தேடுவார்கள். "கிடங்க இங்கயே" என்று திரும்பி நாலு எட்டு வைத்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. மை கரைந்து நாச்சிமுத்துவின் மீசையிலிருந்து மாலைக்கு வழிந்தது. தலை நனைந்தது, தோள் நனைந்தது, மடியில் குட்டை கட்டியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"மயிலு, போறதுதான் போற, கதவுக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் ஏத்தி விட்டுட்டுப் போ சாமி. இந்தப் பக்கம் சாரல் அடிக்குது."